கோப்புறை வகைக்கு உரிய செயலி: ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

கோப்பு மேலாளரின் தமிழாக்கம் ஒரு சொல்லில் நின்றுவிட்டது. மூல வாசகங்கள் இனி மாறா. மார்ச் வெளியீட்டைத் தவறவிட்டால், லினக்ஸின் மேசைச் சூழலான க்னோமின் அடுத்த வெளியீடு செப்டம்பரில்தான்.

லினக்ஸில் கோப்புக்கு மைம் வகை (உள்ளே இருப்பது எத்தகையது என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம்) இருப்பதுபோலக் கோப்புறைக்கும் உண்டு. சாதாரணக் கோப்புறையின் வகை 'ஐநோட்/டைரக்டரி'. கேமரா அட்டையைச் செருகினால், உள்ளே 'டிசிஐஎம்' என்ற கோப்புறை இருக்கிறதா, அது காலியாக இல்லையா என்று கணினி பார்க்கிறது; இருந்தால் அதைப் படங்கள் உள்ள ஊடகமாகக் கொள்கிறது. 'வீடியோ டிஎஸ்' இருந்தால் டிவிடி. இந்த வகைக்கு இந்தச் செயலி என்று முடிச்சுப் போடும் செயலுக்குப் பெயர் வேண்டும். அமைப்புகள் பலகத்தில் தலைப்பாக வருவதால் சுருக்கமாக இருக்க வேண்டும். என் முன்மொழிவு: 'கோப்புறை வகை இணைப்பு'.

— தமிழாக்கப் பொறுப்பாளர்

———

'இணைப்பு' வேண்டவே வேண்டாம். மின்னஞ்சலில் சேர்ப்பது இணைப்பு, வலைப்பக்கத்தில் சொடுக்குவது இணைப்பு, வைஃபை போனால் 'இணைப்பு இல்லை'. நாம் மொழிபெயர்க்கும் இதே கோப்பு மேலாளரில் 'இணைப்பை உருவாக்கு' என்ற கட்டளையும் இருக்கிறது. ஐந்தாவது சுமையை அந்தச் சொல்லின் தலையில் ஏற்றுவது பயனருக்குச் செய்யும் கொடுமை.

'பிணைப்பு' என்று வைக்கலாம். பிணைத்ததை அவிழ்க்கவும் முடியும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'கோப்புறை' என்பதற்குப் பதில் 'அடைவு' போட்டால் மூன்று எழுத்தில் முடியும்.

— கணினி நிர்வாகி, கோவை

———

அன்பர்களே,

பிணைப்பு என்றால் வெளியிலிருந்து கட்டுவது; கன்றைக் கட்டுத்தறியில் பிணைப்பார்கள். இங்கே நடப்பது அதுவன்று. உள்ளே இருக்கும் பொருளைக் கண்டு, இதற்கு இது உரியது என்று தேர்கிறது கணினி. இதற்கு நம்மிடம் ஆயத்தமாக ஒரு முறை இருக்கிறது.

'முதல்கரு உரிப்பொருள் என்ற மூன்றே' என்கிறது தொல்காப்பிய அகத்திணையியல். ஊடகம் முதற்பொருள். உள்ளிருக்கும் படமும் பாட்டும் கருப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தலும் முல்லைக்கு இருத்தலும் உரியவைபோல, அந்த வகைக்கென அமைந்த செயலி உரிப்பொருள். எனவே 'உரிச்செயலி'. உரிச்சொல் போலவே வல்லினம் மிகும்.

'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்ற நூற்பாவையும் நினையுங்கள். ஒரே அட்டையில் படமும் பாட்டும் மயங்கிக் கிடக்கலாம். ஆனால் உரியது மயங்கக் கூடாது.

உரி என்றால் தோல் அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். உடலுக்கு உரியதாய் ஒட்டியிருப்பதால்தான் தோலுக்கே அப்பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. அரை நாழி அளவுக்கும் உரி என்று பெயர். நாழியும் உரியும் சேர்ந்தால் 'நாடுரி' என்று புணரும். அந்த உரியும் 'உரிய பங்கு' என்ற பொருளில் பிறந்ததா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சை

———

ஐயா, நாடுரியைத் தனி மடலில் ஆவலோடு படிப்பேன். ஆனால் 'உரி' என்று தொடங்கும் தலைப்பைப் பலகத்தில் பார்க்கும் ஒருவர் உரிமம் பற்றிய பகுதி என்றுதான் நினைப்பார். 'செயலி' என்ற சொல்லும் பட்ட பாடு போதும். நுண்செயலி என்று வன்பொருளுக்கு வைத்தோம். பிறகு கைப்பேசி வந்ததும் அதே சொல் மென்பொருளுக்குப் போயிற்று.

'அடைவு' பற்றி யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து ஒரு கண்டனம். நகையை வங்கியில் ஈடு வைப்பதைத்தான் நாங்கள் அடைவு வைப்பது என்கிறோம். பள்ளிக்கூடத்தில் அடைவு மட்டம் என்றால் பிள்ளை எவ்வளவு கற்றுத் தேறியிருக்கிறது என்பது. 'அடைவுப் பிணைப்பு' என்று எழுதினால் கடனும் பிணையும் சேர்ந்த சட்டப் பத்திரம் போல இருக்கிறது. கோப்பு + உறை = கோப்புறை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த சொல், குழந்தைக்கும் விளங்கும். அதைக் கைவிட வேண்டாம்.

— மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

———

சொல்லுக்கு முன் பொருளைச் சரிபார்ப்போம். 'டிசிஐஎம்' சோதனை அட்டை, வட்டு போலக் கணினியில் செருகி ஏற்றப்பட்ட ஊடகத்துக்கு மட்டுமே நடக்கிறது. வீட்டு அடைவுக்குள் அதே அமைப்பில் நீங்களே ஒரு கோப்புறை உருவாக்கினால் அதற்கு அந்த வகை கிடைக்காது. அது வெறும் 'ஐநோட்/டைரக்டரி'தான். ஆகவே பலகத்தின் அந்தப் பகுதிக்குக் 'கோப்புறை வகை' என்று எழுதுவதே தவறு. 'ஊடக வகை' என்றுதான் சொல்ல வேண்டும்.

கோப்புறையையே செயலியாக நடத்தும் மரபு வேறு. 1989இல் வெளிவந்த நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளத்தில் செயலி என்பதே ஒரு கோப்புறை. மேக் இன்றும் அப்படித்தான். லினக்ஸில் ராக்ஸ் கோப்பு மேலாளர், 'ஆப்ரன்' என்ற கோப்பு உள்ளே இருந்தால் கோப்புறையைச் சொடுக்கியதும் அதை இயக்கும்.

இன்னொன்று, நான் அனுபவித்தது. நிரல் திருத்தி ஒன்றை நிறுவினேன். அது தன் டெஸ்க்டாப் கோப்பில் (செயலி தன்னைப் பற்றிக் கணினிக்கு அறிவிக்கும் கோப்பு) 'ஐநோட்/டைரக்டரி'யையும் திறப்பேன் என்று அறிவித்திருந்தது. மறுநாள் உலாவியில் 'கோப்புறையைத் திற' என்று சொடுக்கினால் கோப்பு மேலாளருக்குப் பதில் திருத்தி எழுந்து வந்தது. எந்த வகைக்கு எந்தச் செயலி என்று குறிக்கும் மைம்ஆப்ஸ் பட்டியலில் இயல்புநிலைச் செயலியாகக் கோப்பு மேலாளரை ஒரு வரியில் எழுதிய பிறகே சரியாயிற்று. புலவர் ஐயா சொல்லும் 'உரியது' இங்கே எங்கே இருக்கிறது? எந்தச் செயலியும் உரிமை கொண்டாடலாம். பயனர் கட்டுவதுதான் நிற்கும். அதனால் என் வாக்கு பிணைப்புக்கு.

— நிரலாளர், பெங்களூரு

———

எல்லாருக்கும் நன்றி. இன்று இரவு பதிவேற்ற வேண்டும். பெரும்பான்மை பிணைப்பின் பக்கம் இருப்பதால் தலைப்பு 'ஊடக வகைப் பிணைப்பு'. சாதாரணக் கோப்புறைக்குக் 'கோப்புறைப் பிணைப்பு'. 'அடைவு' இந்தத் தொகுப்பில் வராது.

யாரும் கேட்காத சிக்கல் ஒன்றும் இருந்தது. வகையின் பெயரும் செயலியின் பெயரும் நிரலால் தானாக வந்து விழும் இடத்தில் வேற்றுமை உருபை ஒட்டினால் 'படங்கள்-ஐ ஷாட்வெல்-ஆல் திற' (ஷாட்வெல் ஒரு படச் செயலி) என்று கோடு போட்ட தமிழாகிறது. 'வகை: படங்கள். திறக்கும் செயலி: ஷாட்வெல்' என்று உருபே இல்லாமல் பிரித்து எழுதிவிட்டேன்.

— தமிழாக்கப் பொறுப்பாளர்

———

பதிவேற்றுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைச் சொற்பட்டியலின் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். திருத்தி தனக்கு உரியதல்லாததைப் பிடித்துக்கொண்டதைத்தான் நிரலாளர் பிழை என்கிறார்; உரியது என்று ஒன்று இல்லாவிட்டால் அது எப்படிப் பிழையாகும்? செப்டம்பர் வெளியீட்டுக்கு 'உரிச்செயலி'யை மீண்டும் முன்மொழிவேன்.

— தமிழாசிரியர், தஞ்சை