கடை வாசலில் காய்ச்சல் பார்த்த பெட்டி

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

2020 மே மாதம். கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் வழியாக எங்கள் மாவட்டத்தில் தொற்று சட்டென்று ஏறிய நேரம். எங்களுடையது மளிகைக் கடை. வருகிறவர்கள் நெற்றியில் டெம்பரேச்சர் கன் பிடிப்பது தம்பியின் வேலை. ஒரு முழ தூரத்தில், நாள் முழுக்க, ஒவ்வொரு முகமாக. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் இரவில் அவன் வீட்டுக்குள் வராமல் திண்ணையிலேயே படுத்தான். அதைப் பார்க்க முடியாமல்தான், ஆள் இல்லாமலே காய்ச்சல் பார்க்கும் பெட்டி ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

புரோகிராம் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டு, தொடாமலே சூட்டை அளக்கும் எம்எல்எக்ஸ் 90614 வெப்ப சென்சார், ஒரு பஸ்ஸர், சானிடைசர் ஊற்ற 5 வோல்ட் குட்டி மோட்டார். ஜெல் அதில் ஏறாது, தண்ணியாக இருக்கும் சானிடைசர்தான் சரிப்பட்டது.

முதல் நாள் காலையில் எல்லோருக்கும் 33, 34 டிகிரி செல்சியஸ் காட்டியது. சாதாரண வகை சென்சாரின் பார்வைக் கோணம் 90 டிகிரி அகலம். தள்ளி நின்றால் நெற்றியோடு பின்னாலுள்ள தெருவையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடும். தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று சேர்த்து, 5 செ.மீ.க்குள் வந்தால் மட்டும் அளக்கும்படி மாற்றினேன். தோலின் சூடு உள்சூட்டைவிடக் குறைவு. அதனால் ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்து, பெட்டியிலும் பார்த்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதி புரோகிராமில் கூட்டினேன். 38 டிகிரியைத் தாண்டினால் பஸ்ஸர்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம், மீன் விற்றுவிட்டு ஓர் ஆயா வந்தார். பஸ்ஸர் அலறியது. வரிசையில் நின்றவர்கள் பத்தடி விலகினார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, வெயில்ல நடந்து வரேன்" என்று கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 36.8. ஆயா சாமான் வாங்காமலே போய்விட்டார்.

அன்றிரவே பஸ்ஸரைக் கழற்றினேன். பதிலுக்கு, கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு சிவப்பு விளக்கு. வாசலில் பந்தல், ஒரு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர். வெயிலில் வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் உட்கார்ந்துவிட்டுத்தான் அளவு. யாராவது இப்படி ஒன்று செய்வதாக இருந்தால், பந்தலை முதலில் போடுங்கள்.

நேரு வீதி, புதுச்சேரி:

ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வாசல் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். எங்களோடு வேலை செய்த பெண்ணுக்கு மூன்று நாளாக வாசனை தெரியவில்லை, காய்ச்சல் இல்லை. தினமும் பச்சைதான். அதை நம்பி மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். டெஸ்டில் அவளுக்குப் பாசிட்டிவ், பிறகு எனக்கும். வீட்டில் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தம்பி, உங்கள் பெட்டியில் பச்சை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

இருந்தது அக்கா. மாமனார் நலமாகத் திரும்பினாரா? எங்கள் கடைக்குப் பின்பக்கம் ஜன்னல்கூடக் கிடையாது. வாசலிலேயே கவனமாக இருந்துவிட்டு, உள்ளே காற்று போக வழி செய்யவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போன வருடம்தான் மாட்டினோம்.