டியூலிப் குமிழச் சோதனை: வெப்பநிலையின் விளைவையும் ஒளியின் விளைவையும் பிரித்தறிவது எப்படி?

தளிர்:
வணக்கம். வெப்பநிலையும் ஒளியும் டியூலிப் குமிழங்களின் (வெங்காயம் போன்ற நிலத்தடிப் பகுதி) வளர்ச்சியை எவ்வாறு மாற்றுகின்றன என்று பள்ளிச் செய்முறைக்காகச் சோதிக்க விரும்புகிறேன். சில தொட்டிகளைச் சன்னலோரத்திலும் சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, வாரந்தோறும் உயரத்தை அளந்து ஒப்பிடுவதாகத் திட்டம். இதில் குறை உண்டா?

வேர்த்தூவி:
உண்டு. சன்னலோரம் வெளிச்சமும் வெப்பமும் உள்ள இடம்; குளிர்சாதனப் பெட்டியோ குளிரும் இருளும் சேர்ந்தது. வேறுபாடு தெரிந்தாலும் அது எதனால் வந்தது என்று உங்களால் சொல்ல இயலாது. மேலும், டியூலிப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில் செயல்படுகின்றன. இலைகள் காய்ந்தபின் கோடையிலேயே குமிழத்துக்குள் பூமொட்டு உருவாகிவிடும். ஆனால் அதன் காம்பு நன்கு நீள வேண்டுமானால், ஏறத்தாழ 5 டிகிரி செல்சியசில் 12 முதல் 16 வாரக் குளிர் தேவை. அக்காலத்தில் முளை மண்ணுக்குள்ளேயே இருப்பதால் ஒளி அவசியமில்லை. ஆகவே, முதற்கட்டத்தில் எல்லாத் தொட்டிகளையும் இருளிலேயே வைத்து, ஒரு பாதியை 5 டிகிரியிலும் மறுபாதியை 18 டிகிரி அளவிலும் விடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பாதியையும் இரண்டாகப் பிரித்து, ஒரே வெப்பநிலையில், ஒன்றை ஒளியிலும் மற்றொன்றை இருளிலும் வளருங்கள். குளிர் பெறாதவற்றில் காம்பு குட்டையாக நின்று மொட்டு கருகிப்போவதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

ஈரமண்:
குமிழங்களை வாங்கும்போதே அவை முன்னரே குளிரூட்டப்பட்டவையா என்று கேட்டுவிடுங்கள். அப்படியானால் முதற்கட்டமே பொருளற்றதாகிவிடும். ஒரே வகையில், ஏறக்குறைய ஒரே எடையுள்ளவற்றையே தேர்ந்தெடுங்கள்; சிறிய குமிழம் எவ்வளவு குளிர் பெற்றாலும் பூக்காமல் போகலாம். ஒன்றை நெடுக்காக வெட்டி உள்ளே மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் ஆப்பிள் போன்ற பழங்கள் இருக்கவே கூடாது. பழுக்கும்போது அவை வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும்.

தளிர்:
மிக்க நன்றி. முழு இருளில் செடி வளருமா?

வேர்த்தூவி:
சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு சில காலம் வளரும். இலைகள் வெளிறி, மெலிந்து, நீண்டிருக்கும். உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவதும் இதுதான்: உயரத்தை மட்டும் அளந்தால், இருளில் வளர்ந்த செடியே நன்றாக வளர்ந்ததாகத் தோன்றக்கூடும். இலையின் அகலம், நிறம், இறுதியில் குமிழம் உட்பட முழுச் செடியின் உலர் எடை (ஈரம் முழுதும் போகக் காயவைத்தபின் உள்ள எடை) ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இருளில் உணவு தயாரிக்க இயலாமல் சுவாசத்தில் செலவு மட்டுமே நிகழ்வதால், அந்த எடை குறைந்திருக்கும். இருளுக்காக மூடும் பெட்டிக்குள் வெப்பம் தேங்கக்கூடும் என்பதால், இரு குழுக்களின் மண்ணிலும் வெப்பமானி வையுங்கள். ஒளிக் குழுவுக்கு, செடியைச் சூடேற்றும் வெயிலைவிட எல்.இ.டி. விளக்கு பாதுகாப்பானது. டியூலிப் மலர் வெப்பத்தில் விரிந்து குளிரில் கூம்புமாதலால், பூவின் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வெப்பநிலையில் எடுங்கள்.