மறு: ஜுவல்லரி அண்ட் ஆப்ஜெக்ட் டிசைன் – 'பொருள்' வேண்டாம், 'கலன்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு பட்டப்படிப்புக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. தனித்தனியாகப் பதில் எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக அனுப்புகிறேன். 'கன்டெம்பரரி ஜுவல்லரி அண்ட் ஆப்ஜெக்ட் டிசைன்' என்ற பட்டப்படிப்புக்கு இதுவரை வந்த பெயர்களில் அதிக ஆதரவு 'சமகால நகை மற்றும் பொருள் வடிவமைப்பு' என்பதற்குத்தான். அதில் இரண்டு சொற்கள் எனக்கு உறுத்துகின்றன: நகை, பொருள். ('மற்றும்' மூன்றாவது. ஆங்கில 'அண்ட்'டுக்கு ஈடாக வரும் அச்சொல் தமிழுக்கு வேண்டுமா என்ற சண்டையை இக்குழுவில் போதுமான அளவு போட்டாயிற்று.)

> நகை என்றால் எல்லாருக்கும் புரியும். அணிகலன் பாடநூல் தமிழ்.

புரியும், சரி. என்ன புரியும்? தங்கம், எடை, விலை. இந்தப் படிப்பு கேள்வி கேட்பதே அந்த மூன்றையும்தான். சுவிஸ் அணிகலன் கலைஞர் ஓட்டோ குன்ஸ்லி 1980இல் ஒரு வளையம் செய்தார். கறுப்பு ரப்பர்க் குழாய். அதற்குள் ஒரு தங்கக் குண்டு. வெளியே தெரிவது ஒரு புடைப்பு மட்டும். உள்ளே தங்கம் இருப்பதைக் கையில் போட்டிருப்பவரே நம்பித்தான் ஆக வேண்டும். 'தங்கம் குருடாக்கும்' என்பது அதன் பெயர். இதை 'நகை' என்றால் வாசகர் தங்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார். அணிகலன் என்றால் அணிவதற்கான ஒன்று என்பதோடு சொல் நின்றுவிடுகிறது. ரப்பர், காகிதம், நைலான், பழைய புட்டியின் கழுத்து எது வேண்டுமானாலும் அதற்குள் வரலாம். வகுப்பில் மாணவர்கள் செய்வதும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

> 'பொருள்' என்ற எளிய சொல் இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

எளிய சொல்தான். ஆனால் இந்தத் துறையில் அது ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது. எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் பேச்சு செய்பொருள் பற்றி இருக்கும், மூலப்பொருள் பற்றி இருக்கும், அது தரும் அர்த்தம் பற்றி இருக்கும். பாடத்திட்டத்தை அப்படியே தமிழாக்கினால் 'பொருளின் வழியே பொருளின் பொருளை ஆராய்தல்' என்று ஒரு வரி வந்து நிற்கும். விடுகதை எழுதவா உட்கார்ந்திருக்கிறோம்? போதாக்குறைக்கு, அணியையும் பொருளையும் அருகருகே வைத்தால் இலக்கணம் படித்தவர்களுக்குச் சொல்லணி, பொருளணி ஞாபகம் வரும். தொழிற்சாலைத் தயாரிப்புகளை வடிவமைக்கும் 'ப்ராடக்ட் டிசைன்' என்ற தனிப் படிப்பும் இருக்கிறது. அதற்கும் 'பொருள் வடிவமைப்பு' என்றே பலர் எழுதுகிறார்கள். இரண்டு துறைக்கு ஒரே பெயர் ஆகாது.

சரி, இந்தப் படிப்பில் 'ஆப்ஜெக்ட்' என்பது எதைக் குறிக்கிறது? கிண்ணம், கரண்டி, பெட்டி, தேநீர்க் குவளை, விளக்கு. அப்புறம் எந்தப் பயனும் இல்லாமல், கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் சிறு வடிவங்கள். அளவு பெரும்பாலும் கைக்கு அடங்குவது. வரைந்தவரே பட்டறையில் செய்தும் முடிப்பார். அணிகலனும் இவையும் ஏன் ஒரே துறையில் இருக்கின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். பட்டறைக்குள் போனால் விடை தெரியும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகட்டை வட்டமாக வெட்டி, மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, கரும்படலம் போக மென்அமிலத்தில் போட்டு எடுக்க வேண்டும். பிறகு எஃகு முளையின்மேல் சாய்த்துப் பிடித்து, வளையம் வளையமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் விளிம்பு மெல்ல மேலே எழும்பும். ஒரு சுற்று தட்டி முடிப்பதற்குள் செம்பு விறைத்துவிடும். மறுபடி காய்ச்சி இளக்காமல் மேலே தட்டினால் விளிம்பு பிளக்கும். காய்ச்சு, தட்டு, காய்ச்சு, தட்டு, கடைசியில் கிண்ணம். அதே தகட்டில் ஒரு பட்டையை நறுக்கி, அதே முளையில், அதே சுத்தியலால் தட்டினால் காப்பு. வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதி ஒட்டுவதும் (இங்கே நிஜமான பொடி) இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆட்களை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். பொற்கொல்லராகப் பயின்று, ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளி உலோகப் பட்டறையில் இருந்த நௌம் ஸ்லுட்ஸ்கி அணிகலனும் செய்தார், விளக்கும் செய்தார். அலுமினியக் கழுத்தணிகளால் 1960களில் பெயர் பெற்ற டச்சுக் கலைஞர் கைஸ் பாக்கர்தான் 1993இல் 'ட்ரோக்' என்ற வடிவமைப்பு அமைப்பை ரென்னி ராமாகர்ஸுடன் சேர்ந்து தொடங்கியவர். பல்கலைக்கழகங்கள் வைத்த பெயர்கள் ஊருக்கொன்றாக இருக்கின்றன. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பொன் வேலை, வெள்ளி வேலை, உலோக வேலை, அணிகலன் என நான்கையும் கோத்து ஒரே துறை நீண்ட காலம் இருந்தது. மெல்பர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பொன், வெள்ளி வேலை. சிட்னி கலைக் கல்லூரியில் ஜுவல்லரி அண்ட் ஆப்ஜெக்ட் என்று இருந்தது. பெயர் மாறினாலும் உள்ளே ஒரே உலைதான்.

இந்த ஒற்றுமையைத் தமிழ் முன்பே ஒரு சொல்லில் வைத்திருக்கிறது என்பதுதான் என் வாதம். கலம், கலன். வள்ளுவர் 60ஆம் குறளில் 'நன்கலம் நன்மக்கட் பேறு' என்கிறார். அங்கே கலம் அணிகலன். 660ஆம் குறளில் 'பசுமண் கலத்துள்நீர்' என்கிறார்; அங்கே கலம் மண்பாத்திரம். ஒருவரே, ஒரே சொல்லை, நாம் இன்று ஒரு துறைக்குள் சேர்த்து வைக்கத் திண்டாடும் இரண்டுக்கும் கையாண்டிருக்கிறார். இதற்கு மேல் புதிதாக எதை ஆக்க வேண்டும்?

> கலன் என்றால் ஏதோ ஒன்றைக் கொள்வது. சீப்பு எப்படிக் கலன் ஆகும்?

வாளும் எதையும் கொள்வதில்லை, அதைப் படைக்கலம் என்கிறோம். மோதிரம் அணிகலன். ஒரு பயனுக்காகச் செய்யப்பட்டது என்பதே அச்சொல்லின் விரிந்த பொருள். உண்கலம், கொள்கலன், எரிவாயுக் கலன் எல்லாம் முன்னொட்டால் குறுகியவை. முன்னொட்டு இல்லாமல் நின்றால் சீப்புக்கும் இடம் உண்டு. முதல் வாசிப்பில் சிலருக்குப் பாத்திரம் தோன்றும் என்பதை மறுக்கவில்லை. 'பொருள்' தரும் குழப்பத்தைவிட இது சிறியது.

> இலங்கையில் நாங்கள் உயிரியலில் 'கலம்' என்றுதான் செல்லைப் படித்தோம்.

இது வலுவான மறுப்பு. அதனால்தான் னகர ஈற்றுக் 'கலன்' வடிவத்தை மட்டும் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இலக்கணம் சொல்லும் கடைப்போலிதான் (ஈற்றெழுத்து மாறினாலும் பொருள் மாறாதவை), ஆனாலும் கலைச்சொல்லாக ஒன்றை நிலைநிறுத்திவிட்டால் உயிரியல் நூலும் வடிவமைப்பு நூலும் மோதிக்கொள்ளாது. கூட்டுப்பெயர்களிலும் 'கலன் வடிவமைப்பு' என்று முழுதாகவே எழுதலாம். 'கலவடிவமைப்பு' என்று சுருக்க வேண்டாம்.

> 'சமகால' காலத்தை மட்டும் சொல்கிறது. கலையணி, கருத்தணி, புத்தணி?

இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கலையணி என்றால் மரபுப் பொற்கொல்லர் செய்வது கலை இல்லை என்றாகிவிடும். அந்த அவமதிப்பு நமக்கு வேண்டாம். கருத்தணி உவமையணிக்குத் தம்பி போல ஒலிக்கிறது. புத்தணி பத்து வருடத்தில் பழையணி. 'சமகாலக் கலை' என்பது காலத்தைத் தாண்டி ஒரு போக்கின் பெயராகவே தமிழில் ஊன்றிவிட்டது. அதன் நிழலில் 'சமகால அணிகலன்' நிற்கட்டும்.

அணிகலனைச் சுருக்கி அணி என்றே சொல்லலாமே என்றவருக்கு: 'சமகால அணி' என்று எழுதிப் பாருங்கள், கிரிக்கெட் பக்கம் திறந்துகொள்ளும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் 'அணி' மட்டுமே பொருந்தும். பாக்கர் 1973இல் மெல்லிய தங்கக் கம்பியை மேற்கையில் இறுகச் சுற்றினார். கம்பியைக் கழற்றியதும் தோலில் பதிந்து நிற்கும் தடம் இருக்கிறதே, அதுதான் அணி. 'நிழல் அணி' என்று பெயர். சில நிமிடங்களில் மறைந்துவிடும் தடத்தை அணிகலன் என்று எப்படிச் சொல்வது? கலனே இல்லை, அணிதல் மட்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஜுவல்லரி' இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. நம்மிடம் செயலுக்கு அணி, பண்டத்துக்கு அணிகலன் என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. மாணவர் கட்டுரைகளில் இந்த வேறுபாடு உண்மையிலேயே பயன்படும்.

ஆகவே என் முன்மொழிவு: பட்டத்தின் பெயர் 'சமகால அணிகலன், கலன் வடிவமைப்பு'. துறைக்குச் சுருக்கமாகக் 'கலன் வடிவமைப்பு'. 'அணிகலன், கலன்' என்று அடுக்கி வருவது காதுக்குக் கொஞ்சம் இடறும்தான். அந்த இடறலே இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கும் அப்படித் தோன்றாமல் போகலாம்.

இன்னும் இரண்டு சொற்கள் தொங்கலில் இருக்கின்றன. ஒன்று 'க்ரிட்': செய்ததை மேசைமேல் வைத்துவிட்டு ஆசிரியரும் சக மாணவரும் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் வகுப்பு. 'திறனாய்வு' நூல்களுக்கானது. 'அரங்கேற்றம்' முன்பு மிகச் சரியாக இதைத்தான் குறித்தது, இன்று நடன மேடைக்குப் போய்விட்டது. இன்னொன்று 'ப்ரோச்'. உடம்பின் எந்த வடிவத்துக்கும் கட்டுப்படாமல் துணியில் குத்திக்கொள்வது என்பதால் சமகால அணிகலன்காரர்கள் பலருக்கு இது பிடித்த வடிவம். அதற்குத் தமிழில் பெயர் இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது. பதக்கம் தொங்குவது, அதனால் ஒத்துவராது. இப்போதைக்கு 'அணியூசி' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஊசி முதுகில்தானே இருக்கிறது, முன்பக்கத்தை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், மாற்றுச் சொல்லோடு.