மார்கழியில் கொல்கத்தா: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: மங்கை, நீ கொல்கத்தாவிலிருந்து திரும்பிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். நானும் உன் பெரியம்மாவும் மார்கழியில் அங்கே போய்வரலாம் என்று நினைக்கிறோம். நாங்கள் அசைவத்தை விட்டுப் பல காலம் ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். மீனும் கடுகெண்ணெயுமாக இருக்கும் ஊரில் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று விவரமாக எழுதம்மா.

மங்கை: பெரியப்பா, தயங்காமல் போய்வாருங்கள். சில நாள்கள்தான் தங்கினேன் என்றாலும் அந்த ஊரின்மேல் எனக்கு உண்டான ஆசை சொல்லி மாளாது. அதற்குப் பாதிக் காரணம் அவர்களுடைய சைவச் சமையல். மதியச் சாப்பாட்டைக் கசப்பில் தொடங்குகிறார்கள். பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, கடுகு விழுதும் கொஞ்சம் பாலும் சேர்த்துச் செய்யும் சுக்தோ என்ற கூட்டு அது. காரம் என்பதே இருக்காது. நான் போன சிறிய உணவகத்தில் பரிமாறிய முதியவர், சோற்றோடு சுக்தோவை மட்டும் வைத்துவிட்டு, நான் அதை உண்டு முடிக்கும்வரை அருகிலேயே நின்றார். அதற்குப் பிறகுதான் பருப்பு வந்தது, அதன்பின் காய்கறிகள் வந்தன, கடைசியில் இனிப்பான தக்காளிச் சட்னியும் அப்பளமும் வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ருசித்து உண்ணவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறையை என்னால் மறக்க முடியவில்லை.

மங்கை: வாழைப்பூவை அவர்கள் சமைக்கும் முறையைப் பெரியம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம்மைப் போலவே நரம்பு நீக்கி ஆய்கிறார்கள். ஆனால் உருளைக்கிழங்கு, தேங்காய், நெய், கரம் மசாலா சேர்த்து மோச்சார் கொண்டோ என்று செய்கிறார்கள். கடுகெண்ணெயைப் புகை எழும்வரை காயவைத்தே தாளிப்பதால் நெடி அடங்கிவிடுகிறது. நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

சாரதா அத்தை: அண்ணா, மங்கை சொல்வது முழுக்க உண்மை. உங்கள் மாப்பிள்ளைக்கு அங்கே வேலையாக இருந்தபோது நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம்தான் குடியிருந்தோம். அங்கே நம்மவர்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதால் கறிவேப்பிலைக்குக்கூட அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சைவச் சமையல் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். கணவனை இழந்த பெண்களுக்கு மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு என எல்லாவற்றையும் அந்தச் சமூகம் மறுத்தது. மிஞ்சிய காய், கீரை, கசகசா, தண்டு, தோல் ஆகியவற்றைக்கொண்டு அவர்கள் உண்டாக்கிய பக்குவங்கள்தான் இன்று எல்லோரும் புகழ்ந்து உண்பவை. எங்கள் மாடி வீட்டு மாஷிமா (வங்காளத்தில் பெரியவளான பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள்) தரையில் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து, வாழைத்தண்டைச் சன்னமாக அரியும்போது என்னிடம் இதைச் சொன்னார்.

கதிர்: அக்கா, பிரியாணியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. அதில் உருளைக்கிழங்கு போடுவது வறுமையால் வந்த வழக்கம் என்கிறார்களே, அது உண்மையா?

மங்கை: கதிர், 1856இல் ஆங்கிலேயர்கள் வட இந்தியாவின் அவத் நாட்டைப் பறித்துக்கொண்ட பிறகு அதன் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் வந்து தங்கினார், அவருடன் வந்த சமையற்காரர்கள் வழியாகத்தான் அந்தப் பிரியாணி ஊருக்குள் பரவியது. இறைச்சி வாங்கப் பணமில்லாமல் உருளைக்கிழங்கைச் சேர்த்தார்கள் என்ற கதையை நவாபின் வழிவந்தவர்கள் மறுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது புதுமையான பொருள் என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இறைச்சியின் சாறு முழுவதையும் இழுத்துக்கொண்டு, கை பட்டதும் உடைகிற அந்தக் கிழங்கைத் தின்றால் நீயும் அப்படித்தான் சொல்வாய்.

கதிர்: சீன உணவும் அங்கே நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன்.

மங்கை: லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகில் உள்ள டிரெட்டி பஜாரில் விடியற்காலையில் சீனக் காலை உணவு விற்கிறார்கள். ஆவியில் வெந்த பன்னும் மீன் உருண்டை சூப்பும் உண்டேன். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு அந்தச் சமூகத்தினர் பலர் துன்பப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்பதால், இன்னும் அங்கே கடை விரிப்பவர்களைப் பார்க்கும்போது மரியாதை உண்டாகிறது.

பெரியப்பா: உணவைப் பற்றிப் போதுமான அளவு எழுதிவிட்டாய். மனிதர்கள் எப்படி, மங்கை? வயதான இருவர் மொழி தெரியாமல் போகிறோம்.

மங்கை: பெரியப்பா, அங்கே ஒருவரிடம் வழி கேட்டால், அருகில் நிற்கும் மூவரும் சேர்ந்து ஆராய்ந்து முடிவு சொல்கிறார்கள். கல்லூரித் தெருவில் இருக்கும் காபி ஹவுஸ், தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் ஒரு காபிக்காக எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்புவதில்லை. எனக்கு இடமில்லாததைக் கண்ட ஒரு கூட்டத்தார், தங்கள் மேசையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து, தமிழ்நாட்டுத் தேர்தலைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டார்கள். புச்கா, அதாவது நம் பானி பூரி போன்றது, விற்பவர் ஒருவர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறார். பெருவிரலால் பூரியில் துளையிட்டு, மசித்த உருளைக்கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி, இலைத்தொன்னையில் வைத்து நீட்டினார். முதல் புச்காவை நான் வாயில் போட்டதும் என் முகத்தைப் பார்த்து, அடுத்ததில் காரத்தைத் தாமாகவே குறைத்தார். முடிவில் வழக்கப்படி காசு வாங்காமல் இன்னொன்றும் கொடுத்தார். சுற்றி எத்தனை பேர் கை நீட்டினாலும் யாருக்கு எத்தனை கொடுத்தோம் என்பது அவருக்கு மறக்கவே இல்லை.

சாரதா அத்தை: மார்கழியில் போவதால் நோலன் குட் என்ற ஈச்ச வெல்லம் கிடைக்கும், அண்ணா. குளிர்காலத்தில் ஈச்சமரத்தில் இரவெல்லாம் வடியும் பதநீரை விடியற்காலையில் இறக்கிக் காய்ச்சுவார்கள். நம் கருப்பட்டியைவிட மென்மையான, புகை கலந்த மணம் அதற்கு உண்டு.

மங்கை: நான் போன பருவத்தில் அது கிடைக்கவில்லை என்பதுதான் என் ஏக்கம், அத்தை. பெரியப்பா, அந்த வெல்லம் சேர்த்த சந்தேஷ் என்ற இனிப்பு, பாலைத் திரித்த சேனாவில் செய்வது. அதிக நாள் தாங்காது. எங்களுக்காகக் கட்டிக்கொண்டு வராமல் அங்கேயே நிறைய உண்டுவிட்டு வாருங்கள். கட்டியாக விற்கும் பாட்டாலி வெல்லத்தை மட்டும் வாங்கி வந்தால் போதும்.

பெரியப்பா: நல்லது. ஹௌரா போகும் சென்னை மெயிலில் இரண்டு கீழ்ப்படுக்கை கிடைக்கிறதா என்று இன்றே கதிரைப் பார்க்கச் சொல்கிறேன்.

சாரதா அத்தை: மூன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், அண்ணா. நானும் வருகிறேன்.