பொதுக் காட்டின் மேலாண்மைத் திட்ட வரைவில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காட்டுவழி (கேள்வி)

வணக்கம். பொதுக் காடு ஒன்றின் அடுத்த பத்தாண்டு மேலாண்மைத் திட்டத்துக்கான வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டுள்ளது. மர உற்பத்தி கூடும், மேய்ச்சல் தொடரும், ஓடைகளில் நீர்வரத்து உயரும், காட்டுயிர்களின் வாழிடம் விரியும், சுற்றுலாவும் வளரும் என்று ஒவ்வோர் அத்தியாயமும் தனித்தனியே உறுதி கூறுகிறது. இவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எது விட்டுக்கொடுக்கும் என்பதை மட்டும் எந்த அத்தியாயமும் கூறவில்லை. நான் வனவியல் படித்தவன் அல்லன். கருத்து எழுதுவதற்கு முன் இத்தகைய ஆவணத்தில் எவற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மகசூல்_கணக்கன்

அந்த மௌனம் பெரும்பாலான வரைவுகளில் இருப்பதுதான். அமெரிக்கத் தேசியக் காடுகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டமே பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, காட்டுயிரும் மீனும் என ஐந்து பயன்களைக் குறிப்பிட்டதே தவிர, எது முந்தியது என்று வரிசைப்படுத்தவில்லை. எனவே அத்தியாயங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மண்டல வரைபடத்தையும் பின்னிணைப்பில் இருக்கும் மகசூல் கணக்கையும் (எவ்வளவு மரம் வெட்டலாம் என்ற கணக்கு) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சரிவு மர உற்பத்திக்கும் ஓடைப் பாதுகாப்புக்கும் உரியதாகக் காட்டப்பட்டிருந்தால், அங்கு உண்மையில் எது அனுமதிக்கப்படும் என்பதை மண்டல அட்டவணை சொல்லிவிடும்.

மகசூல் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்டுதோறும் காடு வளரும் அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது அடிப்படை விதி. ஆனால் நாற்று நடுவோம், களை நீக்குவோம், நெருக்கமான மரங்களை ஊடுவெட்டில் எடுப்போம், அதனால் பிற்காலத்தில் வளர்ச்சி மிகும் என்று வைத்துக்கொண்டு, இன்னும் வளராத அந்த மரத்தைக் கணக்கில் சேர்த்து, இன்று நிற்கும் முதிர்ந்த மரங்களின் வெட்டளவை உயர்த்திவிட முடியும். வரப்போகும் சம்பள உயர்வை நம்பி இன்றே கடன் வாங்குவதற்கு ஒப்பானது இது. நடவுக்கான நிதி வராமற்போனாலும் வெட்டு நடந்து முடிந்திருக்கும். இந்த ஆபத்தை உணர்ந்துதான் 1976ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியக் காடுகள் மேலாண்மைச் சட்டம், இவ்வாறு உயர்த்தப்படும் வெட்டளவுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: அப்பணிகளைச் செய்ய முடியாமற்போனாலோ அவற்றுக்கான நிதி கிடைக்காவிட்டாலோ, திட்டக் காலத்தின் முடிவில் வெட்டளவைக் குறைத்தாக வேண்டும். உங்கள் வரைவில் அத்தகைய நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கருத்துரையின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.

ஊர்ப்பொது

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வரைபடத்தை நம்பிப் படிக்கத் தொடங்குவதற்கு முன், அந்தக் காட்டில் ஏற்கெனவே உரிமை உடையவர்கள் யார் என்று கேட்க வேண்டும். மண்டலங்களை வரைந்து முடித்தபின் மக்களை அழைத்துக் கருத்துக் கேட்பது தலைகீழான முறை என்பது என் எண்ணம். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமுதாய வன வளத்தை, அதாவது ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை அளிக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கிராம சபையின் குழு தயாரிக்கும் மேலாண்மைத் திட்டம் வனத்துறையின் செயல் திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும்; அதில் தேவைப்படும் மாற்றங்களைத் தீர்மானிப்பதும் அந்தக் குழுவே. ஆகவே, தேன், மூங்கில் போன்ற சிறு வன மகசூல் சேகரிப்பும் மேய்ச்சலும் வரைவில் உரிமைகளாக எழுதப்பட்டுள்ளனவா, அல்லது 'காட்டின் மீதான அழுத்தம்' என்ற தலைப்பின் கீழ் அடைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எந்த அத்தியாயத்தில் வைக்கிறார்கள் என்பதிலேயே திட்டமிடுபவரின் மனம் தெரிந்துவிடும்.

நீர்ப்பிடிப்பு

என் பங்குக்குக் கண்காணிப்பு அத்தியாயத்தைச் சுட்டிக்காட்டுகிறேன். அது வழக்கமாகக் கடைசியில் மெலிந்து கிடக்கும். பத்தாண்டுகளுக்கென்று எழுதப்படும் எந்தத் திட்டமும் இடையில் வரும் தீயையும் வறட்சியையும் முன்கூட்டியே அறிய முடியாது. எதை அளப்பார்கள், எவ்வளவு கால இடைவெளியில் அளப்பார்கள், அளவு எந்த எல்லையைக் கடந்தால் எந்தப் பணி நிறுத்தப்படும் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'தொடர்ந்து கண்காணிக்கப்படும்' என்ற ஒற்றை வரி யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது.

கண்காணித்துக் கற்றுக்கொள்ளும் மேலாண்மை என்ற கருத்தை, புள்ளி ஆந்தை என்ற பறவை வாழும் முதிர்ந்த காடுகளை வெட்டுவதற்கு எதிரான வழக்குகளை அடுத்து 1994இல் வந்த அமெரிக்க வடமேற்குக் காட்டுத் திட்டம் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது. புதிய முறைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 10 பகுதிகளையும் ஒதுக்கியது. நிதியும் ஆள்பலமும் நிலைக்காததால் அவற்றுள் பல பெயரளவில் நின்றுபோயின. ஆகவே, அளவீட்டுக்கான செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்பதையும் கேளுங்கள்.

காட்டுவழி

மூவருக்கும் நன்றி. மகசூல் கணக்கைத் தேடியபோது, நடவினால் வரும் என்று எதிர்பார்க்கும் வளர்ச்சி அதில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டேன். நிபந்தனை எதுவும் இல்லை. எனினும் ஓர் ஐயம்: தனிமனிதர் ஒருவரின் கருத்துரைக்கு உண்மையில் மதிப்பு உண்டா?

மகசூல்_கணக்கன்

எழுதும் விதத்தைப் பொறுத்தது. ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் அது பெரும்பாலும் ஒரே கருத்தாகத்தான் தொகுக்கப்படும். அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிப்படி, வரைவுக் கட்டத்திலேயே பொருளுள்ள கருத்தை முறைப்படி பதிவு செய்தவர்தாம் இறுதி ஒப்புதலுக்கு முன் ஆட்சேபணை எழுப்ப முடியும். பக்க எண்ணையும் அட்டவணை எண்ணையும் குறிப்பிட்டு, நிதி வராத ஆண்டில் வெட்டளவு எவ்வளவு குறைக்கப்படும் என்று கேளுங்கள். கருத்துரையைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.