கேமரா டிராப்: ஆயிரக்கணக்கில் படம், எல்லாம் வெறும் இலை

ரிம்பா_புதுசு (கேஎல்): வணக்கம். வனவிலங்கு உயிரியலாளர் வேலைக்குப் புதுசு. பகாங் காட்டில் 20 இடத்தில் ஜோடியாக 40 கேமரா டிராப் (மிருகம் கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா) வைத்து, 60 நாள் கழித்துக் கழற்றினோம். சிலதில் ஆயிரக்கணக்கில் படம், மிருகமே இல்லை. சிலதில் பகல் படம் பளிச், ராத்திரிப் படம் கருப்பு. இரண்டு கேமராவில் தேதி பல வருஷம் பின்னால் நிற்கிறது. புலி படத்தில் விழுந்த ஒரே இடத்திலும் ஒரு பக்கத்து வரிதான் தெரிகிறது. அடுத்த மாதம் மறுபடி வைக்கணும். எங்கே தப்பு?

காட்டுத்தடம்: இலைப் படத்துக்குக் காரணம் வெயில், தம்பி. சென்சார் அசைவை மட்டும் பார்ப்பதில்லை. நகரும் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது. வெயிலில் சூடான ரோத்தான் (பிரம்பு) இலை காற்றில் ஆடினால், கேமராவுக்கு அதுவும் ஒரு மிருகம்தான். கிழக்கு மேற்காக வைக்காதீர்கள்; வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். கட்டுகிற மரம் தொடை பருமனாவது இருக்கணும். மெல்லிய மரம் ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும்.

உயரம் முழங்கால் அளவு, 40 முதல் 50 செ.மீ. சரிவில் வைக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள்: மரத்தடியிலிருந்து அளக்கக் கூடாது, மிருகம் நடக்கும் தடத்திலிருந்து அளக்கணும். தடத்துக்கும் கேமராவுக்கும் 3, 4 மீட்டர் இடைவெளி. சோதனைக்கு நிமிர்ந்து நடந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மண்டி போட்டு, நாலு காலில் தவழ்ந்து போங்கள். கேமராவின் சோதனை விளக்கு எரிந்தால்தான் தாப்பிர் குட்டியும் படத்தில் விழும்.

முன்னால் உள்ள செடியைப் பாராங் கத்தியால் அடியோடு வெட்டுங்கள், பாதியில் வெட்டினால் 60 நாளில் லென்ஸ் வரை வந்துவிடும். அதற்காக மைதானம் ஆக்கிவிடவும் வேண்டாம். கண்ணி வைக்கிறவனுக்கு நாமே வழிகாட்டின மாதிரி ஆகும்.

பேட்டரி_கணக்கு: கருப்புப் படம் பேட்டரி விவகாரம். அல்கலைனில் வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பகலுக்கு அது போதும், ராத்திரி ஃபிளாஷ் கேட்கும் கரண்டை அது தராது. லித்தியம் போடுங்கள், விலை கூடத்தான். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். எட்டு பேட்டரியில் ஒன்று சோர்ந்தால் எல்லாம் சோரும்.

தேதிக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகை எடுத்துப் போங்கள். இடத்தின் எண், தேதி, மணி எழுதி, வைக்கும்போதும் எடுக்கும்போதும் லென்ஸுக்கு முன் காட்டுங்கள். இரண்டு முறையும் வித்தியாசம் ஒன்றாக இருந்தால் எல்லாப் படத்தின் நேரத்தையும் மென்பொருளில் ஒரேயடியாக நகர்த்தலாம். ஒன்றாக இல்லையென்றால் நடுவில் கடிகாரம் ரீசெட் ஆகியிருக்கிறது. 'இந்த மிருகம் இங்கே இருந்தது' என்று எழுதலாம், எத்தனை மணிக்கு என்று எழுத முடியாது.

வரிக்கணக்கு: புலியின் இடது, வலது பக்க வரிகள் வேறு வேறு. இடது மட்டும் உள்ள படத்தையும் வலது மட்டும் உள்ள படத்தையும் ஒரே புலி என்று சேர்க்க வழியில்லை. அதற்குத்தான் ஜோடி. ஆனால் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதின் படத்தை வெளுக்கடித்துவிடும். எதிரெதிர் பக்கத்தில், ஒன்றை மட்டும் தடத்தின் நீளவாக்கில் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். 2016–2020 தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று வந்த இனம் இது. ஒரு புலியை இரண்டாக எண்ணுவது சின்னத் தப்பு இல்லை.

சிறுத்தையும் வேண்டுமென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. நம் தீபகற்பத்தில் பெரும்பாலும் கருஞ்சிறுத்தை, பகல் படத்தில் புள்ளி தெரியாது. கேமராவின் வெளிச்ச சென்சாரை மூடிவிட்டால் பகலிலும் இன்ஃப்ராரெட்டில் எடுக்கும், புள்ளி தெளிவாக வரும்.

ரிம்பா_புதுசு: நன்றி அண்ணே. நாலு கேமராவில் லென்ஸுக்கு உள்ளே ஆவி படிந்திருக்கிறது. சிலிகா ஜெல் போட்டும் இப்படி!

காட்டுத்தடம்: ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் போதும், மூடி சரியாக உட்காராது. ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் மூடுங்கள். ஜெல் நீல நிற வகையா? ரோஸ் ஆகியிருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்தது. மழை பெய்யும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வரிக்கணக்கு: புலிப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் இடத்தின் பெயரோடு போட்டுவிடாதீர்கள் லா.