தமிழ் தெரிந்தவனுக்கு ஜப்பானிய மொழி ஆறு மாதம்தானா?

ஹகாதா முருகன்:
நேத்து வெளிநாட்டுப் படிப்பு பகுதியில சேலத்துச் சிங்கம் எழுதினதைப் படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. அவர் எழுதினது இதுதான்:
//தமிழனுக்கு ஜப்பானிய மொழி ஒரு பொருட்டே இல்லை. இலக்கணம் அப்படியே நம்ம இலக்கணம். ஆறு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் என்2 கையில். பிறகு எந்தக் கல்லூரியிலும் சேரலாம்.//
ஆறு மாசமாம்! இந்த மாதிரிப் பேச்சை நம்பி நகையை அடகு வெச்சிட்டு ஃபுகுவோகா வந்து இறங்குற பசங்களைப் பார்க்கிறவன் நான். ஏர்போர்ட்ல இருந்து வார்டு ஆபீஸ் போய் முகவரி பதியறதுக்குள்ள அழுதுடுறானுங்க. என்2ங்கறது ஜப்பானிய மொழித்திறன் தேர்வுல ஒரு நிலை. என்5 அடி, என்1 உச்சம். 2010க்கு முன்னாடி அந்தத் தேர்வுல நாலு நிலை இருந்தப்போ, ரெண்டாம் நிலைக்கு நடத்துறவங்களே சொன்ன அளவு 1,000 காஞ்சி எழுத்து (சீனத்துல இருந்து வந்த எழுத்து), 6,000 சொல். இப்போதைய என்2 கிட்டத்தட்ட அந்த இடம்தான். ஆறு மாசத்துல 6,000 சொல் யார் மண்டையில ஏறும்?

சேலத்துச் சிங்கம்:
தனி இழை திறந்து மரியாதை செஞ்சதுக்கு நன்றி முருகன் சார். நீங்க சொன்ன அதே பழைய அளவுல இன்னொரு எண்ணும் இருக்கு. 600 மணி நேரப் படிப்பு. அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க. 600ஐ 180 நாளால வகுங்க. நாளைக்கு 3 மணி 20 நிமிஷம். 180 நாள்னா எத்தனை மாசம்? நீங்களே சொல்லுங்க.

ஹகாதா முருகன்:
கால்குலேட்டர் யார்கிட்டயும் இருக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையோட பயிற்சி நிறுவனம் தன்னோட தூதரக ஆட்களுக்கு ஜப்பானிய மொழிக்கு ஒதுக்குற வகுப்பு நேரம் 2,200 மணி. 88 வாரம். சம்பளம் குடுத்து, முழுநேரமா உட்கார வெச்சு. அவங்க முட்டாளா?

சேலத்துச் சிங்கம்:
//அவங்க முட்டாளா?//
அவங்க தமிழங்க இல்ல. இங்கிலீஷ்காரனுக்குப் போட்ட கணக்கு அது. அவனுக்கு வினை கடைசியில வர்றதே தலைகீழ். நமக்கு அது தாய்ப்பால்ல வந்தது. எழுவாயை விட்டுட்டுப் பேசுறோம், அவனும் விட்டுட்டுப் பேசுறான். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டுது, அங்கயும் அதே. 'தபெதே மிரு'ன்னா சாப்பிட்டுப் பார். எச்சம் போட்டு 'பார்' போடுற அதே கட்டமைப்பு. இதை ஒரு அமெரிக்கனுக்கு விளக்க ஒரு வாரம் ஆகும். எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. அதான் ஆறு மாசம்.

திருச்சி நித்யா:
ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசுறீங்கன்னு தோணுது. என்2ல பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. முழுக்கக் கொள்குறி வினா. அதுல பாஸ் பண்றது ஒண்ணு, அங்க போய் வகுப்புல உட்கார்ந்து புரிஞ்சுக்கிறது வேற. முதல்ல 'கத்துக்கிறது'ன்னா எதுன்னு முடிவு பண்ணிட்டுப் பேசலாமே?

சேலத்துச் சிங்கம்:
நித்யா, அதெல்லாம் அப்புறம். அவர் ஆறு மாசம் முடியாதுன்னு சொன்னார். முடியும்னு நான் சொல்றேன். நானே முடிச்சவன்.

ஹகாதா முருகன்:
நித்யா சொல்றது சரிதான், ஆனா இப்போ கேள்வி ஆறு மாசம். இலக்கணம் ஒத்துப்போறதை நான் மறுக்கவே இல்ல. தமிழ்ப் பையன் முதல் மூணு மாசம் வகுப்புல மத்தவங்களை முந்துவான், கண்ணால பார்த்திருக்கேன். அப்புறம் காஞ்சி வரும். அரசாங்கத்தோட பொதுப்பயன்பாட்டுப் பட்டியல்ல 2,136 எழுத்து. ஒரே எழுத்து, சொல்லுக்குச் சொல் வேற உச்சரிப்பு. அந்த இடத்துல சீனா, தைவான் பிள்ளைங்க சிரிச்சிட்டே தாண்டிப் போவாங்க, நம்ம ஆளு நிப்பான். இதுல குறிப்பைத் தமிழ் எழுத்துல எழுதி வெச்சுக்கிற பழக்கம் வேற. 'க'வா 'ங்'க்குப் பின்னால வர்ற 'க'வான்னு நம்ம எழுத்து காட்டாது. அவங்களுக்கு ரெண்டும் வேற வேற சொல். பரீட்சைக்கு முந்தின நாள் தன் நோட்டையே படிக்கத் தெரியாம உட்கார்ந்திருந்தவனை எனக்குத் தெரியும். உங்க ஆறு மாசத்துல இதுக்கு எங்க இடம் இருக்கு?

நிஷிகசாய் நண்பன்:
ஏங்க இவ்வளவு சண்டை? நான் டோக்கியோ வந்து வருஷக்கணக்காச்சு. ஆபீஸ்ல இங்கிலீஷ். வீட்டுக்குக் கீழ இறங்கினா தமிழ். பருப்பு, புளி எல்லாம் இங்க எடோகவா வார்டுலயே கிடைக்குது. 'அரிகாதோ' தவிர எதுவும் தெரியாம நல்லாத்தான் இருக்கேன்.

ஹகாதா முருகன்:
நீங்க வேலை விசாவுல, கம்பெனி பிடிச்சுக் குடுத்த வீட்டுல இருக்கீங்க. நாங்க பேசுறது மாணவன். அவனுக்கு வாரம் 28 மணி நேரம்தான் பகுதிநேர வேலைக்கு அனுமதி. பள்ளியோட நீண்ட விடுமுறையில மட்டும் நாளைக்கு 8 மணி. மொழி வரலைன்னா கடையில கல்லாவுல நிக்க விட மாட்டான். ராத்திரி கிடங்குல பார்சல் பிரிக்கிற வேலைதான். அங்க யாரும் பேசறதில்ல, அதனால மொழியும் வளராது. காலையில வகுப்புல தூக்கம். காசு பத்தலைன்னு 28ஐத் தாண்டினா விசா புதுப்பிக்கிறப்போ மாட்டுவான். இந்தச் சுழல்ல இருந்து வெளிய வர்றவங்க கம்மி. ஆறு மாசம்னு சொல்லி அனுப்புறவங்க யாரும் அந்தக் கிடங்குக்கு வந்து பார்த்தது கிடையாது.

நிஷிகசாய் நண்பன்:
நான் சும்மா என் அனுபவத்தைச் சொன்னேன். ஜெர்மனி இழையிலயும் இப்படித்தான் எல்லார் மேலயும் பாய்ஞ்சீங்க.

ஹகாதா முருகன்:
ஜெர்மனி இழையில நான் சொன்னதுதான் கடைசியில நடந்துச்சு. தேடிப் படிச்சுப் பாருங்க.

யாழ் வாசகன்:
நான் இடையில ஒண்டு சொல்லலாமோ? தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் உறவு எண்டு சுசுமு ஓனோ எத்தினை வருசம் ஆராய்ஞ்சவர். கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். எங்கட ஊர்ப் பேராசிரியர் சண்முகதாசும் அவற்றை மனைவி மனோன்மணி அம்மாவும் அவரோட சேர்ந்து வேலை செய்தவை. இவ்வளவு இருக்க, தமிழருக்கு இது தூரத்து மொழி எண்டு முருகன் கதைக்கிறது கவலையா இருக்கு.

ஹகாதா முருகன்:
வாசகன் அண்ணா, ஓனோ மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அவர் கருதுகோளை மொழியியல் உலகம் பெரும்பாலும் ஏத்துக்கல. அது இருக்கட்டும், ரெண்டும் அக்கா தங்கச்சி மொழின்னே வெச்சுக்குவோம். அதுக்காக ஆறு மாசத்துல நாளிதழ் தலையங்கம் படிக்க வந்துடுமா?

யாழ் வாசகன்:
ஏத்துக்கேல்லை எண்டு ஒரு வரியில முடிச்சிட்டியள். அந்த மனுசன் 2008இல செத்துப் போகுமட்டும் விடாமல் செய்த வேலை. வாசிச்சனீங்களோ?

சேலத்துச் சிங்கம்:
நல்லாக் கேட்டீங்க அண்ணா. ஜப்பான்காரனே நம்ம மொழிக்குச் சொந்தம்னு வந்து நிக்கிறான், ஜப்பான்ல இருக்கிற தமிழருக்கு மட்டும் வலிக்குது.

பிளஸ் டூ பையனோட அப்பா:
வணக்கம். பையன் பிளஸ் டூ முடிக்கிறான். கோயம்புத்தூர்ல ஒரு ஏஜென்சியில இதே ஆறு மாசக் கதைதான் சொல்றாங்க. மொழிப் பள்ளியில முதல்ல சேரச் சொல்றாங்க. நம்பலாமா?

ஹகாதா முருகன்:
ஐயா, பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, நல்லது. மொழிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கவே பொதுவா 150 மணி நேரம் படிச்ச சான்று, இல்லைன்னா என்5 கேப்பாங்க. பள்ளியில அதிகபட்சம் ரெண்டு வருஷம் தங்கலாம். அந்த ரெண்டு வருஷத்தை எதுக்கு வெச்சிருக்காங்கன்னு சிங்கத்தைக் கேளுங்க. கல்லூரியில சேர தனியா ஈஜேயூன்னு ஒரு தேர்வு, ஜூன்லயும் நவம்பர்லயும். அதுல ஜப்பானிய மொழித் தாள்ல கட்டுரையும் எழுதணும், கட்டத்தைக் கருப்பாக்கிட்டு வர முடியாது. பையன் நல்லாப் படிக்கிறவன்னா தூதரகம் மூலமா அரசு உதவித்தொகைக்கு முயற்சி பண்ணுங்க. கல்விக் கட்டணம் இல்ல, இளநிலைக்கு மாசம் 1,17,000 யென் வரும். கவனிங்க: பொறுக்கி எடுத்த அந்தப் பிள்ளைங்களுக்கே ஜப்பான் அரசாங்கம் முதல் ஒரு வருஷத்தை மொழி ஆயத்தத்துக்குன்னு ஒதுக்குது. அரசாங்கம் ஒரு வருஷம் குடுக்குது, சிங்கம் ஆறு மாசம்கறார்.

சேலத்துச் சிங்கம்:
அந்த ஒரு வருஷத்துல கணக்கு, அறிவியலும்தான் சொல்லித் தர்றாங்க. மொழிக்கு மட்டும் பிரிச்சா எவ்வளவு வரும்? சொன்னா கோவம் வரும்.

திருச்சி நித்யா:
அப்பா சார், முதுநிலைன்னா ஆங்கிலவழிப் படிப்புகளும் இருக்கு. 2009ல ஜப்பான் அரசாங்கத்தோட குளோபல் 30 திட்டம் வந்ததுல இருந்து நிறையத் திறந்தாங்க. இளநிலைக்கும் சில இடங்கள்ல உண்டு. மொழி ஒண்ணுதான் வழின்னு நினைக்க வேண்டாம்.

ஹகாதா முருகன்:
ஆங்கிலவழிப் பட்டம் வாங்கிட்டு அங்கயே வேலை தேடறப்போ கம்பெனிக்காரன் கேக்கிற முதல் கேள்வி என்2தான், நித்யா. ஆய்வகக் கூட்டமும் பாதி இடத்துல ஜப்பானிய மொழியிலதான் நடக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இப்போ சிங்கத்துக்கு வர்றேன். ஆறு மாசத்துல முடிச்சவர்னு சொன்னீங்களே, மதிப்பெண் பட்டியலைப் போடுங்க. 180க்கு 90 எடுத்தா பாஸ், ஒவ்வொரு பகுதியிலயும் 19 போதும். கேட்டல் பகுதியில எவ்வளவு?

சேலத்துச் சிங்கம்:
பாஸ்னா பாஸ். 19ங்கறது நான் வெச்ச வரம்பு இல்ல, நடத்துறவங்க வெச்சது. நீங்க என்1 வாங்கின சான்றிதழை முதல்ல போடுங்க, அப்புறம் என் காதைப் பத்திப் பேசலாம்.

ஹகாதா முருகன்:
கேட்டல் எவ்வளவு?

பிளஸ் டூ பையனோட அப்பா:
ஐயா, ஏஜென்சியில கட்டின முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

யாழ் வாசகன்:
ஓனோவை வாசிச்சனீங்களோ எண்டு கேட்டன். இன்னும் பதில் இல்லை.

சேலத்துச் சிங்கம்:
முருகன் சார், விவாதமே வேண்டாம். என் தம்பி வர்ற ஜூன் மாசம் முதல் எழுத்துல இருந்து தொடங்குறான். டிசம்பர்ல சென்னையில நேரா என்2 எழுதுறான். கீழ் நிலை எதுவும் முடிச்சிருக்கணும்னு விதி இல்ல. ரிசல்ட்டை இதே இழையில போடுறேன்.

ஹகாதா முருகன்:
டிசம்பர் தேர்வு ரிசல்ட் ஜனவரி கடைசியில வரும். ஜூன்ல இருந்து எண்ணுங்க. எட்டு மாசம்.

சேலத்துச் சிங்கம்:
தேர்வு எழுதுற நாள்தான் கணக்கு. ரிசல்ட் வர்ற நாள் இல்ல.

ஹகாதா முருகன்:
விண்ணப்பத்தை எப்போ போடுவான்? படிக்கத் தொடங்கின ரெண்டாவது மூணாவது மாசத்துலயேவா? அப்படி ஒரு ஆளை இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்ல. பெயரைப் பதிஞ்சதும் அந்தச் சீட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க.